டாக்டரம்மா சொன்ன நான்காவது வழி

நான் அந்த வீட்டுக்கு இரண்டாந்தாரமாகப் போனபோது எனக்குப் பதினெட்டு வயது. மூத்தவளுக்கு இருபத்தெட்டு. அவளுக்குப் பிள்ளை இல்லை என்பதுதான் என்னைக் கட்டிவைத்ததற்குக் காரணம். அதை யாரும் மறைக்கவில்லை. ஆய்க்குடிக்குப் பெண் பார்க்க வந்த அன்றே என் மாமியார், "மூத்தவளுக்குப் பத்து வருஷமா ஒண்ணும் தங்கல. இனி உங்க மவளை நம்பித்தான் இருக்கோம்" என்று என் அம்மாவிடம் சொன்னார். மூத்தவளும் அன்று கூட வந்திருந்தாள். என் தலையில் பூ வைத்துவிட்டவளே அவள்தான். அவள் விரல்கள் ஐஸ்கட்டி மாதிரி குளிர்ந்திருந்தது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

அவளை நான் அக்கா என்று கூப்பிட்டேன். தென்காசியில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே எங்கள் வீட்டுக்காரருக்கு ஜவுளிக்கடை. காலையில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். அதிகம் பேசமாட்டார். அவருக்குப் பதிலாக அத்தை பேசிவிடுவார்.

போன முதல் மாசத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். வீட்டுக்கு விலக்கானால் நான் மூன்று நாள் பின்கட்டு அறையில் இருந்துவிட்டு நான்காம் நாள் தலைக்குக் குளித்து உள்ளே வந்துவிடுவேன். அக்கா போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள் ஆகும். வந்து ஒரு வாரம் அடுப்படியில் நிற்பாள். மறுபடியும் போய்விடுவாள். பழைய வேட்டிகளை எல்லாம் கிழித்துக் கிழித்து அவளுக்கே கொடுத்தோம். "அவளுக்குப் பெரும்பாடு. உடம்புச் சூடு" என்று அத்தை சொல்வார். வைத்தியர் கொடுத்த அத்திப்பட்டைக் கஷாயமும் வாழைப்பூச் சாறும் குடித்தாள். இரண்டு மாதம் மட்டுப்படும். அப்புறம் பழையபடி. முகம் வெளுத்து, நகம் வெளுத்து, மாடிப்படி நாலு ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நெஞ்சு அடித்துக்கொள்வது கழுத்து நரம்பில் தெரியும்.

நான் போன இரண்டாம் வருஷம், ஆனி மாதம். சாரல் விழுந்து குற்றாலத்தில் நல்ல தண்ணீர். அத்தை, அக்கா, நான் மூன்று பேரும் வில்வண்டியில் குளிக்கப் போனோம். பெண்கள் பக்கம் ஒதுங்கி நின்று அக்காவுக்கு முதுகில் எண்ணெய் தேய்த்துவிட்டேன். பாறை வழுக்கியது. விழாமலிருக்க அவளை இடுப்போடு கட்டிப் பிடித்தேன். என் கை அவள் அடிவயிற்றில் பட்டது. கல் மாதிரி இருந்தது. தொப்புளுக்கு நாலு விரல் கீழே வரை உருண்டு திரண்டு, உரித்த தேங்காயை உள்ளே வைத்தது மாதிரி.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. பயம். இவள் முழுகாமல் இருக்கிறாள், இனி எனக்கு இந்த வீட்டில் என்ன வேலை என்றுதான் நினைத்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது.

"அக்கா, இது என்னக்கா?"

அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "சத்தம் போடாத. அத்தை காதுல விழப்போவுது."

"நாள் தள்ளியிருக்கா?"

"எனக்கா? போன வாரம்தானட்டி பின்கட்டுல கெடந்தேன்." அருவிச் சத்தத்தில் அவள் வாயை என் காதருகே கொண்டுவந்தாள். "மூணு வருஷமா இருக்கு. முதல்ல நெல்லிக்கா கணக்கா இருந்துச்சு. வளந்துட்டே வருது. வயித்துல கட்டின்னு தெரிஞ்சா என்னை இலத்தூருக்கு அனுப்பிருவாவ. அங்கன எங்க அண்ணன் பொண்டாட்டி ஒருநாள் வச்சுக்கிடமாட்டா. நீயும் சொல்லாத."

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அடுத்த விலக்கில் ஐந்தாம் நாள் காலையில் கிணற்றடியில் விழுந்துவிட்டாள். கால் வழியாக ஓடிய இரத்தம் துவைகல் வரை போயிருந்தது. கட்டி கட்டியாக உறைந்து கிடந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் வந்து கடைக்கு ஆள் அனுப்பினார்கள். அத்தை, "இங்கிலீஷ் வைத்தியம் வேண்டாம், அறுத்துப்போடுவாவ" என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டுக்காரர் அவரை ஒதுக்கிவிட்டு அக்காவை ஜமுக்காளத்தோடு தூக்கி வண்டியில் படுக்க வைத்தார்.

குற்றாலம் போகிற பாதையில் அப்போது பெண்களுக்கென்று சின்னதாக ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. ஆண்கள் கேட்டுக்கு உள்ளே போகக்கூடாது. அவர் வெளியே புளியமரத்தடியில் நின்றுகொண்டார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் என்னை உள்ளே அனுப்பினார். "அவிய என்ன சொன்னாலும் ஒண்ணுவிடாம கேட்டுட்டு வா" என்றார்.

டாக்டரம்மா செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், மலையாளத்துக்காரர். நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலை, ஆண்பிள்ளைக் கைக்கடிகாரம். அக்காவை ஒரு மணி நேரம் சோதித்துவிட்டு, ஊசி போட்டுப் படுக்கவைத்தார். அக்கா அரை மயக்கத்தில் இருந்தாள். என்னை மட்டும் தன் மேசைக்குக் கூப்பிட்டார்.

"நீ யாரு மோளே?"

"தங்கச்சி" என்றேன்.

"இவளுக்குக் குழந்தை உண்டோ?"

"இல்ல."

அவர் ஒரு காகிதத்தை எடுத்துக் கொய்யாப்பழத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டது மாதிரி ஒரு படம் போட்டார். "இது கர்ப்பப்பை. இதோட சுவர் முழுக்கச் சதை. அந்தச் சதையிலேயே கட்டி முளைச்சிருக்கு. சிலது வெளிப்பக்கம் துருத்தும். சிலது சுவருக்குள்ளேயே இருக்கும். சிலது உள்பக்கம் பார்த்து வளரும். உள்ளே வளருறதுதான் இப்படி இரத்தத்தைக் கொட்டவைக்கும். குழந்தை தங்காததுக்கும் அது காரணமா இருக்கலாம்."

"புத்துநோயா?" என்று கேட்டேன்.

"அல்ல. புற்று வேற, இது வேற. எத்தனையோ பெண்களுக்கு வயித்துல இது இருக்கும், அவங்களுக்கே தெரியாது. தொந்தரவு இல்லைன்னா தொடவே வேண்டாம். உன் அக்காவுக்குக் கட்டி ஆபத்தில்லை. இரத்தம் போறதுதான் ஆபத்து. இப்படியே இன்னும் ஒரு வருஷம் போச்சுன்னா ஒரு சின்னக் காய்ச்சலைக் கூட அந்த உடம்பு தாங்காது."

பிறகு விரலை விட்டு எண்ணிச் சொன்னார். முதல் வழி, இரத்தத்தை மட்டுப்படுத்த மருந்தும் இரும்புச் சத்தும் கொடுத்துக்கொண்டு காத்திருப்பது. தீட்டு நிற்கிற வயது வந்தால் கட்டி தானாகச் சுருங்கிவிடும். ஆனால் அக்காவுக்கு முப்பதுதான் ஆகிறது. இன்னும் பதினைந்து வருஷம் தாங்காது. இரண்டாவது, மதராஸுக்குப் போய் கர்ப்பப்பைக்குள் ரேடியக் கதிர் வைத்துக்கொள்வது. அறுக்க வேண்டாம், தீட்டு நின்றுவிடும், அத்தோடு குழந்தைப் பேறும் போய்விடும். மூன்றாவது, ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை அப்படியே எடுத்துவிடுவது. சீக்கிரம் முடியும், மறுபடி வராது, பிழைப்பதற்கு அதுதான் நல்லது.

"நாலாவது ஒண்ணு உண்டு. கட்டியை மட்டும் தோண்டி எடுத்துட்டு, பையைத் தைச்சு உள்ளேயே விட்டுடலாம். கஷ்டமான வேலை. இரத்தம் ஜாஸ்தி போகும். பிற்பாடு கட்டி திரும்ப முளைச்சாலும் முளைக்கும். ஆனா இவளுக்குக் குழந்தைக்கு வழி இருக்கு. உண்டாகும்னு சத்தியம் பண்ணமாட்டேன். வழி இருக்கு, அவ்வளவுதான். அவகிட்டயும் கேளு, அவ புருஷன்கிட்டயும் கேளு. எதுவானாலும் ஒரு மாசம் உடம்பைத் தேற்றணும். அப்புறம்தான் கத்தியை எடுப்பேன்."

அன்று சாயங்காலம் அக்கா ஓரளவு தெளிந்ததும் வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். எங்கள் வீட்டுக்காரர் வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பாமலே கேட்டார். "என்ன சொன்னாவ?"

நான் கட்டி என்றால் என்ன என்று சொன்னேன். புற்று இல்லை என்று சொன்னேன். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கி, காத்திருக்கலாம், மதராஸ் போகலாம், கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று சொன்னேன். நான்காவது விரலை மடக்கவில்லை.

ஏன் என்று பிற்காலத்தில் எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். யோசித்துச் செய்ததில்லை. அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. எனக்கும் இரண்டு வருஷமாக ஒன்றும் தங்கவில்லை. அத்தை அப்போதே என்னையும் மேலும் கீழும் பார்க்க ஆரம்பித்திருந்தார். மூத்தவளுக்குப் பிறந்துவிட்டால் நான் எதற்கு? பிள்ளைக்காகக் கொண்டுவரப்பட்டவள் பிள்ளையில்லாமல் அந்த வீட்டில் யார்? அந்த நேரத்தில் வண்டிச் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அக்கா முனகினாள். அவளைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சாக்கில் பேச்சு நின்றுபோயிற்று.

"அப்ப எடுத்துருவோம்" என்றார் அவர். "உசிரு இருந்தாப் போதும்."

அக்கா கண்ணை மூடியபடியே கேட்டாள். "எடுத்துட்டா அப்புறம் ஒண்ணுமே கெடையாதா?"

"கெடையாதுக்கா" என்றேன்.

அந்த ஒரு மாதம் பட்ட பாட்டை நான் வாழ்நாளில் பட்டதில்லை. டாக்டரம்மா கொடுத்த இரும்பு மருந்து கறுப்பாக இருக்கும், பல்லில் பட்டால் கறை பிடிக்கும். பப்பாளி இலைத் தண்டை வெட்டிக் குழாயாக்கி அதன் வழியே உறிஞ்சவைப்பேன். முருங்கைக்கீரை, எள், கருப்பட்டி என்று வேளைக்கு ஒன்று கொடுத்தேன். சிவப்புப் புட்டி ஒன்று இருந்தது. அது ஆட்டு ஈரலில் இருந்து எடுத்த சத்து. நாங்கள் சைவம். கொடுக்கலாமா கூடாதா என்று குழம்பிப்போய் அக்காவிடமே சொன்னேன்.

"அத்தைட்ட சொல்லாத. மருந்துல என்ன சைவம்?" என்று சொல்லிவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். பிறகு என் தாடையைத் தொட்டு, "நீ எதையும் எங்கிட்ட மறைக்கமாட்ட. அதுதான் எனக்குத் தைரியம்" என்றாள்.

நான் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். தள்ளிப்போடத் தள்ளிப்போட, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்ற கேள்வி பெரிதாகிக்கொண்டே வந்தது. அக்காவின் உதட்டில் கொஞ்சம் நிறம் திரும்பியது. அவள் தேறத் தேற ஆபரேஷன் நாள் நெருங்கியது.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது காலையில் அக்கா, "இலஞ்சிக் கோயில் வரைக்கும் போயிட்டு வருவமா?" என்று கேட்டாள். சாமி கும்பிடத்தான் என்று நினைத்துக்கொண்டு கூடப் போனேன். குமாரர் சந்நிதியில் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் கோயிலுக்குப் பின்னால் இருந்த மரத்தடிக்கு நேரே நடந்தாள். கிளையெல்லாம் சின்னச் சின்ன மரத்தொட்டில்கள், பிள்ளை வேண்டிக் கட்டியவை. மழையில் நனைந்து கறுத்துக் கிடந்தன.

"இதுல மூணு நான் கட்டுனது" என்றாள் அக்கா. "நமக்குத்தான் இனி ஒண்ணும் கெடையாதே. கட்டி வச்சிருந்தா சாமிய ஏமாத்துனாப்பல இருக்கும். அவுத்துப் போட்டுட்டுப் போயிருவோம்."

குதிங்காலை உயர்த்தி எட்டினாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி அவிழ்க்கப் பார்த்தாள். மூச்சு வாங்கியது. "ஏட்டி, நீ கொஞ்சம் புடி" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "அவுக்காதக்கா. நாலாவது வழி ஒண்ணு இருக்கு. டாக்டரம்மா சொன்னாவ. நான் சொல்லல."

சொல்லி முடிக்கும்வரை அவள் கை மேலே நீண்டபடியே இருந்தது. பிறகு மெல்ல இறங்கியது. அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

"எப்பச் சொன்னாவ?"

"அன்னைக்கே."

"ஒரு மாசம்" என்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. "டாக்டரம்மா என்ன வார்த்தை சொன்னாவளோ அதே வார்த்தையில சொல்லு. நல்லதும் சொல்லு, கெட்டதும் சொல்லு."

சொன்னேன். இரத்தம் ஜாஸ்தி போகும், திரும்ப முளைக்கலாம், சத்தியம் பண்ணமாட்டேன், வழி இருக்கு. அவள் இரண்டாம் தடவையும் சொல்லச் சொன்னாள். அதையும் கேட்டுவிட்டு, "பன்னெண்டு வருஷமா மலடி மலடின்னு கேட்டுட்டு இருந்தேன். சதையில முளைச்ச ஒரு கட்டின்னு யாராவது சொல்லிருந்தா…" என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. எழுந்து வண்டியை நோக்கி நடந்தாள். "ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லு" என்றாள்.

டாக்டரம்மா அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று தெரிந்தது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவிடமே நேராகப் பேசினார்.

"செய்யலாம். ஆனா வயித்தைத் திறந்த பிறகு இரத்தம் நிக்கலைன்னா பையை எடுத்துத்தான் ஆகணும். அப்போ உன்னைக் கேட்க முடியாது. அதுக்கு இப்பவே சம்மதம் சொல்லணும்."

அக்கா மேசைப் பக்கம் நகர்ந்து நின்றாள். "உசிரு போறாப்பல இருந்தா எடுத்துருங்க. அதுக்கு முந்தி எடுத்துராதிய. இன்னொண்ணு. இவ உள்ள வந்து நிக்கணும்."

"எதுக்கு?"

"உள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்குச் சொல்லணும்லா. இந்தத் தடவை முழுசாச் சொல்லுவா."

டாக்டரம்மா யோசித்தார். அவருக்கு இரண்டே நர்சுகள். ஒருத்தி மயக்கத்துக்கு ஈதர் கொடுக்க வேண்டும், ஒருத்தி பக்கத்தில் நின்று உதவ வேண்டும். சாரல் காலமானதால் காலையிலும் இருட்டிக்கொண்டு வரும். ஈதர் தீப்பற்றும் என்பதால் பெட்ரோமாக்ஸ் விளக்கு வைக்கக்கூடாது. டார்ச் பிடிக்க ஒரு கை வேண்டும். "இரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுவியோ?" என்று என்னைக் கேட்டார். "மாட்டேன்" என்றேன்.

வீட்டில் அக்கா எங்கள் வீட்டுக்காரரிடம், "டாக்டரம்மா இன்னொரு வழி சொல்லுதாவ" என்று மட்டும்தான் சொன்னாள். இன்னொரு வழி எப்போது சொல்லப்பட்டது, யார் மறைத்தார்கள் என்பதை எல்லாம் சொல்லவில்லை. நான் கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தைதான் குறுக்கே பேசினார். "திரும்ப முளைக்கும்னா எதுக்கு அறுக்கணும்? பிள்ளைக்குத்தான் சின்னவ இருக்காள்லா?" அவர் தன் அம்மாவை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் அக்கா கொண்டுவந்திருந்த சம்மதக் காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் அன்று காலை எட்டு மணிக்கு அக்காவை மேசையில் படுக்கவைத்தார்கள். எனக்குத் தலையைச் சுற்றி வெள்ளைத் துணி, மூக்கை மூடி ஒரு துணி, கையில் கறுப்பு டார்ச். முகமூடியில் சொட்டுச் சொட்டாக ஈதர் விழ விழ அக்கா திணறினாள், கையை உதறினாள், பிறகு அடங்கினாள். அந்த வாடை இன்றைக்கும் எங்காவது அடித்தால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

ஜன்னலுக்கு வெளியே மேற்கு மலையில் மேகம் இறங்கி, டாக்டரம்மா வயிற்றைத் திறக்கும்போதே அறை மங்கிவிட்டது. "வெளிச்சம்" என்றார். காட்டினேன். கர்ப்பப்பை வெளியே வந்தது. அவர் போட்டுக் காட்டிய கொய்யாப்பழம் இல்லை அது. முண்டும் முடிச்சுமாக, சேனைக்கிழங்கு மாதிரி இருந்தது. அதன் அடியில் ஒரு ரப்பர் குழாயைச் சுற்றி இறுக்கினார். இரத்தம் உள்ளே வராமல் தடுப்பதற்கு. பிறகு கீறி, ஒரு கட்டியைக் கொக்கியால் பிடித்து இழுத்து, விரலைவிட்டுச் சுற்றி நெம்பினார். பலாக்கொட்டையை உறையிலிருந்து பிதுக்குவதுபோல் அது வெளியே வந்தது. வெள்ளையாக, பளபளவென்று. தட்டில் விழுந்தபோது சத்தம் கேட்டது.

ஒன்று. இரண்டு. மூன்றாவது சாத்துக்குடி அளவு. உள்பக்கம் இருந்தது அதுதான், இத்தனை வருஷமாக இரத்தம் குடித்தது. அதைத் தோண்டி எடுக்க ரொம்ப நேரமானது. மொத்தம் ஆறு. என் கை வலித்தது, மாற்றிப் பிடிக்கப் பயந்தேன்.

தையல் போட்டு முடித்து ரப்பர் குழாயைத் தளர்த்தியதும் ஒரு இடத்திலிருந்து இரத்தம் ஊற்றாகக் கிளம்பியது. துணி வைத்து அழுத்தினார். எடுத்தால் மறுபடியும். இன்னொரு தையல் போட்டார். அதன் பக்கத்தில் கசிந்தது. தலைமாட்டில் நின்ற நர்ஸ், "நாடி மெல்லிசாப் போகுதும்மா" என்றாள். டாக்டரம்மாவின் நெற்றியில் வேர்வை வழிந்தது.

"எடுத்துடலாமா?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. தனக்குத்தானே கேட்டிருக்கலாம்.

நான் அங்கே பேச வந்தவள் இல்லை. ஆனாலும் என் வாய் திறந்துகொண்டது. "அம்மா, உசிரு போறாப்பல இருக்கா?"

அவர் தலை நிமிரவில்லை. "இன்னும் இல்லை."

"அப்ப எடுக்காதிய."

மழை ஓட்டில் பெய்துகொண்டிருந்தது. "வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே காட்டு. கை ஆடக்கூடாது" என்றார் டாக்டரம்மா. ஆழமாக ஒரு தையல் போட்டு இழுத்து முடிந்தார். இரண்டு கையாலும் கர்ப்பப்பையைப் பிழிந்தாற்போல் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு மெல்லக் கையை எடுத்தார். துணியில் ஒற்றிப் பார்த்தார். மறுபடியும் ஒற்றினார். துணி கறுத்த சிவப்பாக இல்லை, வெறும் இளஞ்சிவப்பாக வந்தது. "மூடலாம்" என்றார்.

வெளியே வந்து புளியமரத்தடிக்குப் போய், நனைந்துகொண்டு நின்ற எங்கள் வீட்டுக்காரரிடம், "உசிரோட இருக்கா" என்று சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து வாந்தியெடுத்தேன்.

அக்கா கண் விழித்தது மத்தியானம் தாண்டி. உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கொடுக்கக் கூடாது, துணியை நனைத்து உதட்டில் ஒற்றினேன். "எது?" என்றாள்.

"நாலாவதுதான்க்கா. ஆறு கட்டி. பை உள்ளதான் இருக்கு."

"முழுசாச் சொல்லு."

இரத்தம் நிற்காமல் போனதையும், டாக்டரம்மா எடுத்துவிடலாமா என்று கேட்டதையும், நான் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். "நான் சொன்னது தப்பாப் போயிருந்தா நீ செத்திருப்பக்கா" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறியது. டாக்டரம்மா பயந்தது இதைத்தான். வயிறு உப்பியது, தொட்டால் துடித்தாள். ஐந்து நாள் ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டோம். அத்தை ஆஸ்பத்திரிக் கேட்டுவரை வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போய்விட்டார். எங்கள் வீட்டுக்காரர் கடையைத் திறக்கவே இல்லை. நான் சொன்ன ஒரு வார்த்தையால் இவள் போய்விட்டால் எப்படி இருப்பேன் என்ற நினைப்பு என்னை உட்காரவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை. எட்டாம் நாள் விடியற்காலம் தொட்டபோது அவள் நெற்றி வேர்த்துக் குளிர்ந்திருந்தது. கஞ்சி கேட்டாள்.

வீட்டுக்குப் போகிற அன்று டாக்டரம்மா ஒரு கட்டியை நடுவே வெட்டிக் காட்டினார். உள்ளே நூலை உருட்டிச் சுற்றியது மாதிரி வளையம் வளையமாக இருந்தது. அக்கா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா" என்றாள்.

அதற்குப் பிறகு அவளும் என்னைப்போலவே மூன்று நாளில் தலைக்குக் குளித்து உள்ளே வந்தாள். மூன்றாம் வருஷம் நாள் தள்ளியது. தைத்த கர்ப்பப்பை, வலி எடுத்தால் கிழிந்துவிடலாம் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். கடைசி மாதம் முழுவதும் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார். நான்தான் கூட இருந்தேன். வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை.

எனக்குக் கடைசிவரை ஒன்றும் தங்கவில்லை. டாக்டரம்மா என்னையும் சோதித்துப் பார்த்தார். கட்டி இல்லை, குறை ஒன்றும் தெரியவில்லை, சிலருக்கு ஏன் என்று எங்களுக்கே தெரியாது என்றார். ஆண்பிள்ளை வேண்டும் என்று அத்தை மூன்றாவதாக ஒருத்தியைப் பேச ஆரம்பித்தபோது அக்கா அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். "தாராளமாக் கொண்டுவாங்க. நானும் இவளும் பிள்ளையத் தூக்கிட்டு இலத்தூருக்குப் போயிருதோம்." அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

யுத்தம் முடிகிற சமயத்தில் அக்காவுக்குக் கட்டி திரும்பவும் தட்டுப்பட்டது. இரண்டு, சின்னதாக. இரத்தம் அவ்வளவாக இல்லை. வயதும் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அவளே டாக்டரம்மாவிடம் போய், எல்லாவற்றையும் காதால் கேட்டு, காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டினாள். தீட்டு நின்றபின் அவை சுருங்கிவிட்டன.

குழந்தைக்கு ஒரு வயதிருக்கும்போது ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே துணிந்து கேட்டேன். "நான் மறைச்சதை ஏன்க்கா நீ அவியட்ட சொல்லல?"

அவள் முற்றிய தண்டு ஒன்றைக் கிள்ளி எறிந்தாள். "சொல்லிருந்தா உன்னை ஆய்க்குடிக்கு அனுப்பிருப்பாவ. ஆஸ்பத்திரிக்கு எனக்கு யாரு கூட வருவா?"

"அவ்வளவுதானா?"

"வேற என்ன?" என்றாள். சற்றுப் பொறுத்து, "அந்த ஒரு மாசத்தை நான் மறக்கலட்டி" என்றாள். குழந்தை உள்ளே எழுந்து அழுதது. அவள் கையில் கீரை இருந்ததால் நான் எழுந்து போனேன்.